கேட் வால்வை மூடிய நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பம்பை எப்படி ஓட்டுவது, எந்த வால்வை முதலில் திறப்பது, கசடை எப்போது வெளியே எடுப்பது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அதற்காக இதை எழுதவில்லை. மேலதிகாரி ஒன்று சொல்லும்போது, உங்கள் கண்ணெதிரே இருப்பது வேறொன்று சொன்னால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை. சொல்லவும் மாட்டார்கள். பயிற்சி கொடுப்பவர்களும் மேலதிகாரிகள்தானே. அதனால் ரிட்டயர் ஆன நான் சொல்கிறேன். இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

நான் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அல்சூர் பக்கம் தெரு பெருக்கினார். என்னைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தார். படித்தால் சாக்கடை பக்கம் போக வேண்டியதில்லை என்று நம்பினார். எனக்குக் கிடைத்த வேலையோ கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். ஆர்டரைக் காட்டினபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பேனாவோட போறியா, தொடப்பத்தோட போறியா?" என்று மட்டும் கேட்டார். "சாவியோட போறேன்பா" என்றேன். கழிவு வரும் குழாயை அடைக்கிற கேட் வால்வைத் திருகும் பெரிய சாவி அது.

அத்திபெலே பக்கம், ஓசூர் எல்லைக்கு முன்னால், கன்னட மண்ணில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் அங்கே சேர்ந்தபோது சுற்றிலும் கேழ்வரகுக் காடும் செவ்வந்தித் தோட்டமும் இருந்தன. அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் பட்டறைகள் வந்தன, இன்னொரு பக்கம் லேஅவுட் வந்தது. வீடுகள் முளைத்த வேகத்தில் பஞ்சாயத்தில் ஆட்களை எடுக்கவில்லை. குப்பை அள்ளுவதும் கழிவுநீரைச் சுத்தம் செய்வதும் ஒரே செக்‌ஷன். நீலசந்திராவிலிருந்து வரும் ஏழுமலை காலையில் குப்பை டிராக்டர் ஓட்டுவார், மதியத்துக்கு மேல் எங்கள் நிலையத்துக்கு வந்து பம்பைப் பார்ப்பார். எங்காவது அடைத்துக்கொண்டால் இறங்குகிறவரும் அவர்தான். அவர் மட்டும்தான். ஏன் அவர் மட்டும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

எங்கள் நிலையம் சின்னது. ஊர்க் கழிவு ஒரு கிணற்றுக்கு வந்து சேரும். பம்பு அதை மேலே தூக்கித் தொட்டியில் விடும். தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்று நீரைத் தெளிய வைக்கும். தெளிந்த நீர் ஏரிக்குப் போகும். ஏரியிலிருந்து, செவ்வந்தி போடும் முனியப்பா போன்ற விவசாயிகள் தோட்டத்துக்குப் பாய்ச்சுவார்கள். தொட்டி நன்றாக இருந்தால் மழை பெய்த மண் மாதிரி வாசனை வரும். நம்ப மாட்டீர்கள், போய் நின்று பாருங்கள்.

ஒரு நாள் அந்த வாசனை போய்விட்டது. பழுப்பு நுரை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை நுரை, அதன் கீழே சாம்பல் நிறத் தண்ணீர். உள்ளே இருந்த உயிர்கள் செத்துவிட்டன. எங்கிருந்தோ ஆசிட் வருகிறது என்று எங்கள் மேலதிகாரியான பஞ்சாயத்து இன்ஜினியரிடம் சொன்னேன். "யாராவது பாத்ரூம் கழுவ ஆசிட் ஊற்றியிருப்பார்கள். நீ தண்ணீர் விட்டு ஓட்டு" என்றார். நாங்கள் கன்னடத்தில்தான் பேசுவோம், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டில் ஒரு தொட்டியே சாகாது என்றேன். "உனக்கு வேலை தண்ணீர் ஓட்டுவது. ஆராய்ச்சி பண்ணுவது இல்லை" என்றார்.

சாணியும் பழைய கசடும் போட்டுத் தொட்டியைத் திரும்ப உயிர்ப்பித்தோம். மறுபடி செத்தது. முனியப்பா கருகிப்போன செவ்வந்திச் செடிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். செடிகளை மேஜைமேல் வைத்துவிட்டு, "என்னம்மா இது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலைதான் நான் சொல்ல வந்தது.

அன்றைக்கு நிலையத்துக்குள் நுழைந்ததும் கிணற்றுச் சுவரைப் பார்த்தேன். கரப்பான் பூச்சிகள். உள்ளே இருட்டில் இருக்க வேண்டியவை பட்டப்பகலில் சுவரேறி வெளியே வந்து, மேல்விளிம்பில் கால்களைத் தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன. எந்த நாற்றத்துக்கும் அசையாத பிராணி அது. அதுவே தப்பித்து ஓடி வந்து, ஓட முடியாமல் செத்திருக்கிறது. பம்பும் நின்றிருந்தது. துணியோ என்னவோ போய்ச் சிக்கியிருக்கிறது. மேலே ஒரு மாதிரி காரம் மூக்கில் ஏறியது. நான் பின்வாங்கி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இன்ஜினியருக்குப் போன் செய்தேன்.

அவர் அவசரமாக வந்தார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் லேஅவுட்டில் புது வீடு கட்டியிருந்தார். அன்றைக்குக் கிரகப்பிரவேசம். வாசலில் பந்தல், உள்ளே பெரிய மனிதர்கள். பம்பு ஓடாவிட்டால் லைன் நிறைந்து, தாழ்வாக இருக்கிற அந்தத் தெருவில்தான் முதலில் பொங்கும்.

"ஏழுமலையை இறக்கு" என்றார்.

ஏழுமலை அதற்குள் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கயிறு இடுப்பில் ஏறிவிட்டது. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

"சார், கரப்பானைப் பாருங்க" என்றேன்.

"பார்த்தேன். அஞ்சு நிமிஷ வேலை. இறங்கி, துணியை எடுத்துட்டு வந்துடுவான்."

"உள்ள விஷக் காத்து இருக்கு. இறங்கினா ஏற மாட்டார்."

"எத்தனை தடவை இறங்கியிருக்கான். அவங்களுக்கு எல்லாம் பழக்கம்தானே."

அவங்களுக்கு. அந்த ஒரு சொல்லில் என் அப்பாவும் இருந்தார், நானும் இருந்தேன். கோபம் வந்தது என்று சொன்னால் அது போதாது.

இதில் கொடுமை என்னவென்றால், ஏழுமலையும் என் பக்கம் நிற்கவில்லை. "மேடம், நீங்க கம்முனு இருங்க. நான் எறங்கறேன். இது எனக்குப் புச்சா?" என்றார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. இறங்குவதற்கு முன் எப்போதும் கொஞ்சம் குடித்துவிட்டு வருவார். குடிக்காமல் யாரால் இறங்க முடியும்?

"நான்தான் ஷிப்ட் ஆபரேட்டர். நான் இறக்க மாட்டேன்" என்றேன்.

"உன்னை யார் கேட்டது? ஏழுமலை, நீ இறங்கு" என்றார் இன்ஜினியர்.

ஏழுமலை விளிம்பை நோக்கி ஓர் அடி வைத்தார். நான் போய் அவர் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தேன். அவர் திகைத்துப்போய் நின்றார், ஒரு பெண்பிள்ளை மேலே கை வைத்ததில் தடுக்கவும் தோன்றவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கிணற்றுக்குள் எறிந்தேன். கீழே 'சளக்' என்று ஒரு சத்தம். நிலையத்தில் இருந்தது அந்த ஒரு கயிறுதான்.



இன்ஜினியர் சத்தம் போடவில்லை. அடுத்த வழியைச் சொன்னார். "சரி, பைபாஸைத் திற. நேரா ஏரிக்கு விடு." பைபாஸ் என்பது நிலையத்துக்குள் வராமலே கழிவை ஏரிக்குக் கொண்டுபோகும் கால்வாய். பெருமழைக்காக வைத்தது. அதைத் திறந்தால் தெருவில் பொங்காது, அவருக்கும் பிரச்சினை இல்லை, தலைவருக்கும் இல்லை. ஆனால் கரப்பானைக் கொன்றது எதுவோ அது ஏரிக்குப் போகும். அதில் மாடு குடிக்கும். முனியப்பாவின் பேத்திகள் அங்கேதான் கீரை அலசுவார்கள்.

யோசிக்க நேரம் இல்லை என்று உங்களிடம் எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். அப்படிச் சொல்கிறவர் தான் ஏற்கெனவே யோசித்ததை உங்களை வைத்துச் செய்ய நினைக்கிறார். நான் அங்கே நின்றபடியே யோசித்தேன். ஆளை இறக்கினால் ஒருவர் சாவார். ஏரிக்கு விட்டால் யார் யார் என்று தெரியாது. கேட் வால்வை மூடினால் ஊர் நாறும். நாற்றத்தில் யாரும் சாக மாட்டார்கள். மூன்றில் கழுவினால் போகிற கெடுதல் அது ஒன்றுதான்.

சாவியை எடுத்து, கிணற்றுக்கு வரும் கேட் வால்வை மூடினேன். மூடிவிட்டு, "சங்கிலியும் மூணு கால் ஸ்டாண்டும் ஓசூர்ல வாடகைக்குக் கிடைக்கும். பம்பை மேல தூக்கி எடுக்கலாம். யாரும் இறங்க வேணாம்" என்றேன்.

"அதுக்கு நாளைக்கு ஆயிடும்."

"ஆகட்டும்."

மத்தியானத்துக்குள் லேஅவுட்டில் மேன்ஹோல் மூடிகள் தூக்கிக்கொண்டன. தலைவர் வீட்டுப் பந்தலுக்குள் கறுப்புத் தண்ணீர் புகுந்தது. இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்து ஓடினார்களாம். கொஞ்ச நேரத்தில் ஊரே எங்கள் கேட் முன்னால் நின்றது. கன்னடம், தமிழ், தெலுங்கு என்று எல்லா மொழியிலும் வசவு. என் ஜாதியைச் சொல்லியும் யாரோ கத்தினார்கள். அந்தக் குரலுக்குரிய முகத்தைத் தேடினேன். கூட்டத்தில் ஒளிந்துகொண்டார்.

தலைவர் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்து, "சாவியைக் கொடு" என்றார்.

"மொதல்ல உள்ள வந்து பாருங்க. நீங்க பாருங்க, இவங்களும் பார்க்கட்டும்" என்று கேட்டைத் திறந்துவிட்டேன்.

ஒவ்வொருவராக வந்து தள்ளி நின்று கிணற்றுச் சுவரைப் பார்த்தார்கள். பெண்கள்தான் முதலில் அமைதியானார்கள். கரப்பானை அடித்து அடித்துச் சலித்தவர்கள் அவர்கள்தானே. "இத்தனையும் தானா செத்ததா?" என்று ஒரு அம்மா கேட்டார். "இதுக்குள்ளதான் ஒரு ஆளை இறக்கச் சொல்றாங்க" என்றேன். அவர் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை சட்டையைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

தலைவர் விடவில்லை. பைபாஸைத் திறக்க வேறொரு ஆளை அனுப்பினார். அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். பைபாஸ் ஷட்டரின் மேல் முனியப்பா மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். விஷயம் அவர் காதுக்கு எப்படிப் போனது என்று எனக்கு இன்றும் தெரியாது. எழுந்திருக்கச் சொன்னதற்கு, "ஆகல்ல" என்று ஒரே சொல் சொன்னாராம். முடியாது என்று அர்த்தம்.

சாயங்காலம் வரை அப்படியே போனது. ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்று வந்திருந்த பெண் ஒருத்தியின் குளியலறையில் கழிவு எதிர்த்துக்கொண்டு ஏறிவிட்டது. நானே பிளீச்சிங் பவுடரோடு போய்க் கழுவிக் கொடுத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. சரியான முடிவாக இருந்தாலும் அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் முன்னால் தலை குனியத் தேவையில்லை.

நான் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபோதுதான் தெருக்கோடியில் கூச்சல் கேட்டது. ஓடினேன். லேஅவுட்டுக்குப் பின்னால் பட்டறைகளுக்குப் போகும் ரோட்டில் ஒரு மேன்ஹோல் உண்டு. அதன் ஓரம் ஒரு டேங்கர் நின்றிருந்தது. அதிலிருந்து குழாயை மேன்ஹோலுக்குள் விட்டிருந்தார்கள். வழக்கமாகச் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அன்றைக்கு லைன் முழுக்க நிறைந்திருந்தது. விட்டது அத்தனையும் அப்படியே மேலே பொங்கி, ரோட்டில் மஞ்சளும் பச்சையுமாக ஓடியது. தெரு முழுக்க ஜனங்கள் நின்றிருந்த நேரம். மூக்கைப் பொத்திக்கொண்டு அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நான் கணக்குப் போட்டு அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு சொன்னார்கள். இல்லை. டேங்கர் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒளித்து வைக்க இடம் இல்லாமல் செய்தேன், அவ்வளவுதான். மற்றது தானாக வெளியே வந்தது.

டேங்கர் டிரைவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முலாம் பூசும் பட்டறை ஒன்றின் கழிவு என்று ஒப்புக்கொண்டார். பயத்தில் இருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பஞ்சாயத்துல சொல்லியாச்சு, பாத்துப்பாங்கன்னு ஓனர் சொன்னாரு" என்றார். கூட்டம் மொத்தமும் அங்கே வந்து நின்றிருந்த இன்ஜினியர் பக்கம் திரும்பியது. அவர் தன் ஸ்கூட்டர் எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஓசூரிலிருந்து சங்கிலியும் ஸ்டாண்டும் வந்தன. பம்பைத் தூக்கினோம். அதன் இரும்பை ஆசிட் அரித்திருந்தது. கூட்டிவந்த மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "இரும்பே இப்படின்னா நுரையீரல் என்னா ஆவும்?" என்றார். ஏழுமலை அங்கேயே நின்றிருந்தார். சிக்கியிருந்த துணியை எடுத்துவிட்டுப் பம்பை இறக்கினோம், வால்வைத் திறந்தேன்.

பட்டறையைக் கொஞ்ச காலம் மூடினார்கள். பிறகு வேறெங்கோ திறந்தார்கள். இன்ஜினியருக்கு மாற்றல், அதுவும் அவர் விரும்பிய ஊருக்கு. எனக்கு மெமோ. மேலதிகாரி உத்தரவை மீறியதற்கு வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். 'மறுபடியும் இதே நிலைமை வந்தால் மறுபடியும் இதையே செய்வேன்' என்று எழுதிக் கொடுத்தேன். என்னை நிலையத்திலிருந்து எடுத்துக் குப்பை வண்டிக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். தண்டனை என்று நினைத்தார்கள். தெரு பெருக்கியவர் மகளைக் குப்பைக்கு அனுப்புவதை எப்படித் தண்டனை என்று நினைத்தார்களோ.

ஆனால் ஒன்று வலித்தது. ஏழுமலை என்னோடு பேசவில்லை. அதே டிராக்டரில் தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மாதக் கணக்கில் ஒரு வார்த்தை இல்லை. இறங்குவது ஒன்றுதான் அந்த ஊரில் அவரால் மட்டும் முடிந்த காரியம். அதை எல்லோர் முன்னாலும் அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன், அதுவும் ஒரு பெண். உயிரைக் காப்பாற்றினால் நன்றி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காப்பாற்றப்பட்டவருக்கு அது அவமானமாகவும் இருக்கலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலை, குப்பை அள்ளிக்கொண்டிருந்த ரத்னம்மா 'ஸ்' என்று கையை உதறினார். உள்ளங்கையில் ஊசி ஏறியிருந்தது. சாதாரண ஊசி இல்லை, ஆஸ்பத்திரி ஊசி. ஊரில் புதிதாக வந்த ஒரு நர்சிங் ஹோம், ரத்தப் பஞ்சு, ஊசி எல்லாவற்றையும் வீட்டுக் குப்பையோடு கலந்து போட்டுக்கொண்டிருந்தது. நான் இரண்டு முறை நேரில் போய்ச் சொல்லியிருந்தேன். ரிசப்ஷனில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். ரத்னம்மாவின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டு டிராக்டரில் ஏறினேன்.

"நர்சிங் ஹோமுக்கு விடுங்க. அவங்க குப்பையை அங்கியே கொட்டிடலாம்" என்றேன்.

ஏழுமலை வண்டியை எடுத்தார். திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து, எத்தனையோ மாதம் கழித்து முதல் முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார். "முன்னாடி கேட்டுக்கா, பின்னாடி கேட்டுக்கா?"

"முன்னாடி."

அவர் சிரித்தார். டாக்டர் கார் நிற்கிற இடத்துக்கு நேரே டிராக்டரைப் பின்னால் கொண்டுபோய்க் குப்பையை அப்படியே கவிழ்த்தார். எனக்கு இன்னொரு மெமோ வந்தது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து நர்சிங் ஹோம் ஊசியைத் தனி டப்பாவில் போட்டது. ரத்னம்மாவுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. மெமோவைப் பற்றி அந்த நாட்களில் நினைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மெமோக்கள் எனக்குப் பழகிவிட்டன. பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப் போனது. கடைசியில் என்னை நிலையத்துக்கே திரும்பக் கூப்பிட்டார்கள், அங்கே போக வேறு யாரும் சம்மதிக்கவில்லை. நான் இருந்த காலம் முழுக்க அந்தக் கிணற்றில் யாரும் இறங்கவில்லை. என் வேலைக்காலத்தில் நான் செய்தது என்ன என்று கேட்டால், நடக்காத ஒன்றைத்தான் சொல்ல முடியும். அது எந்தச் சான்றிதழிலும் வராது. உங்களுக்கும் வராது. பரவாயில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. அவர் அப்போது வேலையை விட்டுவிட்டு நீலசந்திராவில் சொந்தமாக ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய ஆள் என்று கேள்விப்பட்டு, பெரிய அபார்ட்மெண்ட் ஒன்றின் மேனேஜர் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டதாம். ஒருமுறை இறங்கி எடுத்துக் கொடுத்தால் நன்றாகக் கவனிக்கிறேன் என்றாராம்.

"போயிட்டீங்களா?" என்றேன்.

"போனேன் மேடம். பாத்தேன். மேல இருந்து எடுங்க, இல்லன்னா மூடுங்க, ஆளு எறங்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நீ போ, வேற ஆளு இருக்கான்னாங்க. இருந்தான். ஆந்திராக்காரன், நம்ம பாஷை தெரியாது. சட்டையைக் கழட்டிட்டு நின்னுட்டு இருந்தான்."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறம் இன்னா. கையைப் புடிச்சு ஆட்டோல ஏத்திக்கினு வந்துட்டேன். இதோ, எதிர்க்க குந்திக்கினு டீ குடிக்கறான். இவனுக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்க மேடம்."